தக்காளி ராணியின் வண்டிக்காரி

லவோன் க்ரெப்ஸின் காரைத் தெரியாதவர்கள் எங்கள் பிக்கரல் கிரீக் ஊரில் கிடையாது. லவோனைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சத்தில் நான் முதல் ஆள். ஓர்வில் ட்ரெஷ் என்று பெயர். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஒரு பற்றவைக்கும் கோலோடு தொழில் தொடங்கி, மூன்று மாவட்டத்து ஆட்கள் தேடிவரும் ரேடியேட்டர் கடையாக அதை வளர்த்தவன். யார் தயவிலும் இல்லை. இதைச் சொல்லிவிட்டு அவள் கதைக்கு வருகிறேன்.

கார் அறுபத்தெட்டாம் வருஷத்தது. சிவப்பு. கூரையை மடித்துப் பின்னால் போட்டுவிடலாம். முன்னால் இருக்கும் எஞ்சின் ஒரு லாரிக்குப் போதும். எங்கள் காலத்துப் பையன்கள் உயிரை விட்ட மசில் கார். ஆனால் இந்த ஊரில் அதை வாங்கியது, தக்காளி டப்பா ஆலையில் மூடி அடிக்கும் மெஷினில் நின்ற இருபத்துமூன்று வயதுப் பெண். விற்பனைக்காரன், "புருஷனக் கூட்டிட்டு வாம்மா" என்றானாம்.

"நான்தான் புருஷன். சாவியக் குடு" என்றாளாம் லவோன்.

பிற்பாடு டுவைட் என்று ஒருவனைக் கட்டினாள். நாலு வருஷம் இருந்தான். போகும்போது டிவியையும் நாயையும் கொண்டுபோனான். காரையும் கேட்டுப் பார்த்தான், நடக்கவில்லை. ஆலை மூடிய பிறகு பள்ளி பஸ் ஓட்டினாள், இருபத்தாறு வருஷம். பிள்ளைகள் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவள் பஸ்ஸில் வளர்ந்தவர்கள்தான்.

அந்தக் காரை வைத்திருப்பது எத்தனை அலுப்பு என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒருநாள் பெட்ரோல் பங்கில் அவள் பக்கத்தில் நின்றிருந்தேன். தொப்பி போட்ட ஒரு ஆள் தன் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான்.

"அம்மா, இது எந்த வருஷம்? எங்க மாமாகிட்ட..."

லவோன் குழாயைப் பார்த்தபடியே சொன்னாள்: "அறுபத்தெட்டு. ஆமா, அதே எஞ்சின்தான். உங்க மாமா வண்டி நீலமோ பச்சையோ. வித்துட்டாரு. அப்புறம் அழுதாரு."

"எப்படித் தெரியும்?"

"எல்லா மாமாவும் வித்தவங்கதான். ரொட்டி வாங்கப் போறேன், வழிவிடுப்பா."

அவன் போகவில்லை. இருபது நிமிஷம் மாமாவைப் பற்றிப் பேசினான். கடைசியில், "உங்க வீட்டுக்காரர் கொடுத்துவச்சவரு" என்றான். லவோன் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து டயரைப் பார்த்தேன்.

ஊருக்கும் அதே பைத்தியம். ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை தக்காளித் திருவிழா. ஊர்வலத்தில் அந்த வருஷத்துக்குத் தேர்ந்தெடுத்த தக்காளி ராணி லவோனின் காரில்தான் வருவாள், பின் சீட்டின் முதுகின்மேல் உட்கார்ந்து, கையசைத்துக்கொண்டு. அறுபத்தொன்பதில் தொடங்கியது, நாற்பத்திரண்டு ஊர்வலம் போயிற்று.

இதில் ஒரு வேதனை உண்டு. இந்த மாதிரி எஞ்சின்கள் பறப்பதற்கு வார்த்தவை. பள்ளி பேண்டுக்குப் பின்னால் ஆமைபோல் ஊர்ந்தால் காற்று போதாது, ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்துவிடும். அதற்கு ஊர்வலம் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் செய்கிற ஒரே வேலை, குளிர்காலத்துக்கென்று வைத்த ஹீட்டரைக் கொளுத்தும் வெயிலில் முழுசாகத் திறப்பது. எஞ்சினின் சூட்டை அது இழுத்து உங்கள் காலில் கொட்டும். எஞ்சின் பிழைக்கும், கால் வேகும். ராணி மேலே சிரித்துக்கொண்டிருப்பாள். லவோன் கீழே ஒரு மணிநேரம் அடுப்புக்குள் காலை வைத்திருப்பாள்.

அதையும் சகித்தாள். பிறகு சர்க்கரை வந்தது. பாதத்தில் உணர்ச்சி போயிற்று. 2010 ஊர்வலம் முடிந்து வீட்டில் காலுறையைக் கழற்றியபோது தோலும் கூடவே வந்தது. அவளுக்கு வலிக்கவே இல்லை. ஆறக் கிறிஸ்துமஸ் ஆயிற்று. "இன்னொரு தடவை இப்படின்னா கால எடுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

மறுவருஷம் மார்ச்சில் விழாக் குழுவின் கோர்டன் ப்யூ காரைக் கேட்டு வந்தான். முடியாது என்றாள். அவன் மறுபடி வந்தான், அந்த வருஷத்து ராணி பிரியெல் உம்ஸ்டெட்டை அழைத்துக்கொண்டு. அந்தப் பெண் ஆறு வயதில் பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து, "மிஸ் லவோன், நான் பெரியவளானா உங்க சிவப்புக் கார்ல வருவேன்" என்று தினமும் சொன்னவள். லவோன் தலையை ஆட்டிவிட்டாள்.

வேறு யாரிடமாவது ஓட்டக் கொடுக்கலாமே என்றேன்.

"எண்பத்தெட்டுல கோர்டன் மச்சான் ஓட்டி கிளட்ச்சக் கருக்கினானே, மறந்துட்டியா? நீ உன் வேலையச் செய். ஹீட்டர் இல்லாம தாங்குற ரேடியேட்டர் ஒண்ணு போடு."

"தாங்கும். நான் போட்டா தாங்கும்" என்றேன்.

மூன்று வாரம் உழைத்தேன். நாலு வரிசைக் குழாய், ஒவ்வொரு மூட்டும் என் கையால். கூடுதலாக ஒரு மின்விசிறி வைக்கலாம் என்று என் கடைப் பையன்களே சொன்னார்கள். வைக்கவில்லை. கம்பெனியில் பிறந்தபடி இருக்கிற அந்த வண்டியில் புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடக்கூடாது என்பது லவோன் கட்சி. விசிறி வேண்டும் என்றால் என் ரேடியேட்டர் எதற்கு என்பது என் கட்சி. இரண்டு கிழடுகளும் ஒரே மாதிரி முட்டாள்கள்.

ஊர்வலத்தன்று வெயில் தொண்ணூற்றாறு டிகிரி. பந்தயம் கட்டியவன்போல் நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். முதலில் தீயணைப்பு வண்டி, அடுத்து படைவீரர்கள், பேண்டு, நாங்கள், பின்னால் டிராக்டர்கள். அரை மைல்வரை எஞ்சின் சூடு காட்டும் முள் அசையவில்லை. லவோனை முழங்கையால் இடித்தேன்.

"பாத்தியா?"

"வாய மூடு, கண்ணு படும்."

கோர்ட் கட்டடத்தின் முன்னால் பேண்டு நின்றது, பேண்டுப் போட்டி நடுவர்களுக்காக ஒரு பாட்டு. அது முடிந்ததும் இரண்டாவது பாட்டு. முள் ஏறத் தொடங்கியது. மூன்றாவது பாட்டுக்குத் தாளம் தட்டும்போது ரேடியேட்டர் தண்ணீரின் அந்த இனிப்பு வாசனை வந்துவிட்டது. லவோனின் கை ஹீட்டர் நெம்புகோலுக்குப் போனது. நான் அதன்மேல் கையை வைத்தேன்.

"யோவ், கைய எடு."

"மாட்டேன்."

"கொதிச்சு ஊத்தும்யா. பின்னால பொண்ணு உக்காந்திருக்கா. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். உன் கால்?"

"என் கால் எனக்குத் தெரியாதா?"

"தெரியாது. அதுதானே உன் வியாதி!"

அவள் என்னை முறைத்தாள். முள் கடைசிக் கோட்டைத் தொட்டது. ஐம்பது வருஷத் தொழிலில் யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னேன்: "லவோன், என் ரேடியேட்டர் தாங்கல. ஊர்வலத்த விட்டு வெளிய போ."

ஒரு நொடி யோசித்தாள். பிறகு கண்ணாடியில் பார்த்து, "பிரியெல், மேல இருந்து எறங்கி சீட்டுல உக்காரு. பெல்ட்டப் போடு" என்றாள்.

"ஏன் மிஸ் லவோன்?"

"பஸ்ல கேள்வி கேட்டா என்ன பண்ணுவேன்?"

அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் இறங்கி உட்கார்ந்தாள். மல்பெரி தெருமுனையில் தடுப்புக்கட்டை வைத்திருந்தவனிடம், "எடுடா அத!" என்று ஒரு அதட்டல். அவனும் அவள் பஸ்ஸில் போனவன்தான், எடுத்துவிட்டான். இரண்டு தெரு தாண்டினால் சோளக்காடு. நேர் சாலை, எதிரே ஒரு ஈ காக்கை இல்லை. லவோன் மிதித்தாள்.

நான் எத்தனையோ வண்டி பார்த்தவன். நாற்பத்துமூன்று வருஷமாகக் கயிறு கட்டி நடத்திய மிருகத்தை அவிழ்த்துவிட்டதுபோல் இருந்தது. ராணியின் தோளில் குறுக்கே கிடந்த பட்டுப்பட்டை பறந்துவந்து என் மூஞ்சியில் அறைந்துகொண்டே இருந்தது. அந்தப் பெண் கத்தினாள், பயத்தில் இல்லை. மூன்று மைலில் முள் நடுவுக்கு இறங்கிவிட்டது.

"திரும்பினா ஊர்வலத்தோட வால்ல சேந்துக்கலாம்" என்றேன், மனசில்லாமல்.

"இல்ல. போதும்யா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் சொல்வதுபோல் சொன்னாள். பெண்ணைப் பார்த்து, "மன்னிச்சிரும்மா. பாதிதான் கூட்டிட்டுப் போக முடிஞ்சுது" என்றாள்.

பிரியெல் கலைந்த தலையோடு, "இன்னும் அஞ்சு மைல் போலாமா?" என்றாள். போனோம்.

அவளை வீட்டில் இறக்கிவிட்டு லவோன் வீட்டுக்கு வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. கோர்டனாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை. சமையலறை நாற்காலியில் சாய்ந்து வலது காலை நீட்டினாள்.

"நீயே பாரு. என்னால குனிய முடியல, பாக்க தைரியமும் இல்ல."

ஹீட்டர் இல்லாவிட்டாலும் அந்த எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகடு தோசைக்கல் மாதிரி காயும். நான் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். காலுறையை மெதுவாக உருட்டி எடுத்தேன். குதிகால், உள்ளங்கால், ஒவ்வொரு விரலின் இடுக்கு, எல்லாம் விரித்துப் பார்த்தேன். போன வருஷத்துத் தழும்பு மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"ஒண்ணுமில்ல லவோன். கொப்புளம் இல்ல. முழுசா இருக்கு."

நிமிர்ந்து பார்த்தேன். இன்னொரு ஷூவைக் கழற்றாமலே தூங்கிப்போயிருந்தாள்.