எண்பது கிலோமீற்றர் மேலே மட்டக்களப்பு

மேல் வளிமண்டலத்துக்குக் கணினி மொடல் திருத்துகிறவர்களுக்கென்று ஒரு சாபம் இருக்கிறது: கேட்கிற எல்லாருக்கும் மழை வேண்டும், நம்மிடம் இருக்கிற சரக்கெல்லாம் மழைக்கு மேலே. செய்கிற வேலையை வீட்டாருக்கு விளங்கப்படுத்த முடியாமல் முழிக்கிற அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். வாருங்கள், சேர்ந்து அழுவோம்.

மாமி கேட்ட வெள்ளிக்கிழமை

என் மாமியின் இளைய மகளுக்கு மாரிகாலத்தில் கலியாணம். வீட்டில் ஒரு வானிலைக்காரி இருக்கிறாளே என்று, எந்தக் கிழமை மழை பெய்யாது என மாமி என்னிடம் வந்தார். மேகமும் மழையும் கீழேயே முடிந்துவிடும், என்னுடைய வேலை எண்பது, தொண்ணூறு கிலோமீற்றர் உயரத்தில், எரிநட்சத்திரம் எரிகிற இடத்தில், அங்கே காற்று எப்படி வீசும், எவ்வளவு குளிரும் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு என்று வாய் வலிக்கச் சொன்னேன். மாமி ஓம் ஓம் என்று முழுவதையும் கேட்டுவிட்டு, அப்ப வெள்ளிக்கிழமை எப்படி என்றார்.

தப்பினால் போதும் என்று போனைப் பார்க்கச் சொன்னேன். போன் வெயில் காட்டியது. வெள்ளிக்கிழமை பந்தல் சரிந்து, சோற்றுச் சஹன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வீட்டுக்குள் ஓடினார்கள். காத்தான்குடிச் சனம் முழுக்க நிற்க, மாமி முந்தானையைப் பிழிந்தபடி சொன்னார்: "எங்கட மருமகள் இவ்வளவு படிச்சு, மழைக்கு மேலதான் போய் நிக்கிறா, தான் மட்டும் நனையாம."

கச்சான் போட இருந்த காணி

எங்கள் மொடல் உலகத்து வானம் முழுவதையும் பெட்டி பெட்டியாக வெட்டி வைத்திருக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் எங்கள் மாவட்டத்தை விடப் பெரிது. அதற்குள் ஓர் இடிமேகம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் இடிமேகம் மேலே உள்ள காற்றை உந்தித் தள்ளும். அந்த உந்தல் அலை அலையாக ஏறி, உச்சியில் உடைந்து, அங்கே வீசுகிற காற்றையே திருப்பிவிடும். தெரியாததை என்ன செய்வது? அதற்குப் பதிலாக ஓர் உத்தேச எண்ணைப் போட்டு வைத்திருக்கிறோம். அந்த எண் யாரோ வேறு நாட்டு வானத்தைப் பார்த்து வைத்தது. அதைப் போட்டால் மட்டக்களப்புக்கு மேலே காற்று தலைகீழாக வீசுகிறது. அதைத் தூக்கிவிட்டு எங்கள் இடிக்கு உரிய எண்ணை வைக்க வேண்டும், மொடலின் அடுத்த பதிப்பில் அது வர வேண்டும். எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அதற்கு மேல்காற்றை அளக்க ஒரு ராடார் தேவைப்பட்டது. ராடார் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், வெட்டவெளியில் நட்ட சில கம்பிகள். பனிச்சங்கேணியில் வாவிக்கரையோரம் தவராசா அண்ணனின் மேட்டுக்காணி வாய்த்தது. அவர் மீன்பிடிக்கிறவர், அந்த மூலையில் கச்சான் கடலை போட இருந்தவர். நான் மாமிக்குச் சொன்ன அதே கதையைச் சொன்னேன். அவர் மழையைப் பற்றிக் கேட்கவே இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு மனிதரை அன்றுதான் பார்த்தேன். கச்சானை அடுத்த போகம் பார்க்கலாம் என்று மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்கட இடியும் உலகக் கணக்கில சேரட்டும், தங்கச்சி."

காலைக் கோளாறு

ராடார் ஓடத் தொடங்கியதும் ஒரு கம்பி மட்டும் காலை வேளைகளில் மந்தமாகிவிடும். மத்தியானம் தானாகத் தெளியும். நான் விடுவேனா? ஏதோ புதிய அலை என்று எங்கள் மொடல் குழுவுக்குப் பெரிய விளக்கமே எழுதத் தொடங்கிவிட்டேன். நல்லகாலம், அனுப்ப முதல் ஒருநாள் காலையில் நேரே போனேன். என் புதிய அலை, ஈயக்குண்டு கட்டிய ஈரவலையாகக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. தவராசா அண்ணனின் மனைவி கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை: "சும்மாதானே நிக்கிது எண்டு காயப்போட்டன்."

ஆப்பிழுத்த கதை

இரண்டு மாரி அளந்து, எங்கள் இடிக்கு உரிய எண்ணைக் கண்டுபிடித்து மொடலில் போட்டேன். மட்டக்களப்புக்கு மேலே மொடல் சொன்ன காற்றும் ராடார் சொன்ன காற்றும் அச்சொட்டாகப் பொருந்தின. கதிரையை விட்டு எழும்பிக் கைதட்டினேன். பிறகு வடதுருவத்தைப் பார்த்தேன். தரைக்கு நேர்மாறாக, கோடையில்தான் அங்கே உச்சி வானம் கடுங்குளிராக இருக்க வேண்டும். என் எண் போய் அதை வேகவைத்திருந்தது.

எங்கள் மொடலில் துருவத்தைப் பற்றியும் ஒரு பிழை கிடந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பிழை அதைச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒன்றைத் திருத்தியதும் மற்றது அம்பலமாகிவிட்டது. ஆப்பிழுத்த குரங்கானேன். குழுவில் என்னோடு வேலை செய்கிற சேந்தன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, படத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "அக்கா, பிழையும் பிழையும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க, நீங்கள் ஒண்டை இழுத்துப்போட்டியள்."

கம்பி பிடுங்கியது

துருவத்துப் பிழையையும் தேடித் திருத்தத் தவணை கேட்டேன். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் குழுத் தலைவர் நல்ல மனிதர், ஆனால் பதிப்பு வெளிவரும் நாள் நெருங்கிவிட்டது. பழைய எண்ணே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. என் எண்ணைத் தூக்கி எறியவில்லை. அதற்கென்று ஒரு சுவிட்ச் வைத்து, அதை நிறுத்தி வைத்தார்கள். வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாமாம். யார் போடப் போகிறார்கள்? ராடாரையும் வேறு நாட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள். பிழை என்று தள்ளியிருந்தால் மனம் ஆறியிருக்கும். சரி என்று ஒத்துக்கொண்டே ஓரமாக வைத்ததுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கம்பிகளைப் பிடுங்கப் போனபோது தவராசா அண்ணனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். தன் கையாலேயே கம்பிகளை ஆட்டி ஆட்டிப் பிடுங்கித் தந்தார். மனைவி பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டு, இனி வலையை எங்கே காயப்போடுவது என்று முணுமுணுத்தார். நான் தேத்தண்ணியை ஆறவிட்டு, பிடுங்கிய கம்பிகளைக் கட்டாகக் கட்டினேன். கடைசிக் குழியை மண் தள்ளி மூடி, காலால் மிதித்துவிட்டு அவர் கேட்டார்: "அப்ப எங்கட இடி அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு, ஆனா முழங்காது. அப்படித்தானே தங்கச்சி?"

ஓம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடக்கையில், எண்பது கிலோமீற்றர் மேலே வீசுகிற காற்றைப் பிழையில்லாமல் சொல்லத் தெரிந்த நான், பனிச்சங்கேணிப் பாலத்தடியில் இடியோடு பிடித்த மழையில் தொப்பலாக நனைந்து மாமியின் வாக்கைப் பொய்யாக்கினேன்.