பேர் வெட்டின சட்டி

நான் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாகக் கிடக்கும். வீட்டிலேயே ஆயில் மாற்றிக் கிழிக்கிறேன் என்று அவனியாபுரத்து வீட்டு வாசலில் முன்சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி, அடியில் படுத்து நட்டைக் கழற்றிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, ஆயில் பிடிக்க வைத்திருந்த வாளி காருக்கடியில் நுழையவில்லை. ஆயில் கொட்டத் தொடங்கிவிட்டது. அடுப்படிக்கு ஓடி, கைக்குக் கிடைத்த அகலமான அலுமினியச் சட்டியை எடுத்து வந்து அடியில் தள்ளினேன்.

பக்ரீத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா பிரியாணி கொடுத்தனுப்பிய சட்டி அது. அவருடைய அம்மா கல்யாணச் சீராகக் கொடுத்தது. விளிம்பில் அந்த அம்மாவின் பேரைக் கோணல்மாணலாக வெட்டியிருக்கும்.

எம்புட்டுத் தேய்த்தும் ஆயில் வாடை போகவில்லை. அதில் சோறாக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்தால் நானெல்லாம் மனுஷனா? நடந்ததைச் சொல்லவும் துப்பில்லை. பாத்திரக் கடையில் அதே அளவில் ஒன்று வாங்கி, அதே பேரை வெட்டச் சொன்னேன். செத்துப்போன அந்த அம்மாவின் பேரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

வெறும் சட்டியாகக் கொடுக்கக் கூடாதென்று உள்ளே சீனி போட்டுக் கொடுத்தேன். அக்கா சீனியைப் பார்க்கவில்லை. விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கேட்டார்:

"எங்கம்மா பேரை யாரு தம்பி இம்புட்டு அழகா வெட்டுனது?"