சந்நிதி வரை தாங்கிய பெல்ட்

வட்டுக்கோட்டையில் அந்தப் பழைய ஜெர்மன் சொகுசுக் காரைக் கண்டதுமே எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. டாஷ்போர்ட் பெட்டிக்குள் இருந்த சர்வீஸ் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆனால், ஆண்டு தவறாமல் காருக்குச் செய்த அர்ச்சனைகளின் சீட்டுகளை விற்றவர் அழகாக அடுக்கி வைத்திருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது; அன்றே வாங்கிவிட்டேன்.

"முதல்லை மெக்கானிக்குக் காட்டுவம்," என்றாள் மனைவி.

"பூசை செய்யாமல் ஆரும் வாகனத்தைக் கராச்சுக்குக் கொண்டுபோறதே?" என்று சீறினேன். சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, நேரே தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்கு விட்டேன். காரின் கூரையைத் திறந்ததும் கடல்காற்று உள்ளே கொட்டியது. போகவர இருவரும் பாடிக்கொண்டே இருந்தோம்.

மறுநாள் குருநகர் மெக்கானிக் எஞ்சினைத் திறந்தார். ஒருநாளும் மாற்றாத டைமிங் பெல்ட் அவர் கையிலேயே நூல்நூலாகப் பிய்ந்து வந்தது. ஓடும்போது அறுந்திருந்தால் எஞ்சினே போயிருக்குமாம். மனைவி என்னைப் பார்த்தாள். நான் கராச்சின் கூரையைப் பார்த்தேன்.

மெக்கானிக் கழுத்துச் சிலுவையைத் தொட்டுவிட்டு, பிய்ந்த பெல்ட்டை என் உள்ளங்கையில் வைத்தார்.

"அண்ணை, நேற்று முழுக்க உந்த பெல்ட்டை உங்கடை முருகன்தான் கையாலை பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறார். பாவம், இனி அவரை விடுங்கோ. நான் பாக்கிறன்."