கூரையை அடித்ததாக ஒரு புகார்

அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. எழுபதுகளின் தொடக்கம். ஆங்கில டைப்ரைட்டிங்கில் ஹையர் பரீட்சை பாஸ் செய்திருந்ததால் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று கம்பெனி நம்பியது. நானும் நம்பினேன்.

ஒருநாள் ஃபோர்மேன் ஆங்கிலத்தில் எழுதிய புகாரை மேனேஜர் படிக்காமலே என்னிடம் தள்ளி, தமிழில் டைப் செய்யச் சொன்னார். வானகரத்திலிருந்து சைக்கிளில் வரும் லேத் ஆபரேட்டரைப் பற்றிய புகார். லீவு இல்லை என்றதும் அவர் 'ஹிட் தி ரூஃப்', அப்புறம் 'ஃப்ளூ ஆஃப் தி ஹேண்டில்' என்றிருந்தது. அகராதியைப் புரட்டி எழுதினேன்: "கூரையை அடித்தார். கைப்பிடியைப் பறக்கவிட்டார்."

நான் டைப் செய்ததைப் படித்த மேனேஜருக்கு முகம் சிவந்தது. கம்பெனி சொத்தைச் சேதப்படுத்தியதாக நோட்டீஸ் போனது. வேலை போய்விடும்.

ஆபரேட்டர் காகிதத்தோடு என் மேஜைக்கு வந்தார்.

"இன்னாம்மா இது? நான் எந்தக் கூரைய அட்ச்சேன்? வந்து பாரு, ஷீட்டு ஒண்ணாவது ஒடஞ்சிகீதா? கத்தினேன், அது நெசம். ஊட்ல அவளுக்கு எட்டாம் மாசத்துலயே வலி வந்து, பூந்தமல்லி ஆஸ்பத்திரில கீறா. லீவு இல்லன்னா கத்தாம இன்னா பண்றது?"

அவர் கையிலிருந்த நோட்டீஸை வாங்கிக்கொண்டு ஃபோர்மேனிடம் ஓடினேன். படித்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்.

"ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்தாம்மா. கோபத்துல கத்தினான், அவ்வளவுதான்."

"அப்படியே எழுதியிருக்கலாமே சார்?"

"ஒரே வார்த்தைய ரெண்டு தடவை எழுதினா நல்லா இருக்காதேன்னு..." என்று இழுத்தார். ஆபரேட்டரின் மனைவி ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொன்னேன். "அத அவன் சொல்லவே இல்லியே. நானும் கேக்கல" என்றவர் நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

"என் இங்கிலீஷ்தான் சார் தப்பு."

தப்பு என்னுடையது என்று சொல்ல, பின்னால் நின்ற நான் வாயைத் திறந்தேன். ஃபோர்மேன் திரும்பிப் பார்த்துக் கண்ணாலேயே தடுத்தார். நோட்டீஸ் ரத்தானது. ஆபரேட்டரைத் தன் ஸ்கூட்டரிலேயே ஏற்றிக்கொண்டு ஃபோர்மேன் பூந்தமல்லிக்குக் கிளம்பினார்.

பத்து நாள் கழித்து ஆபரேட்டர் வேலைக்கு வந்தார். பெண் குழந்தை, எடை குறைவு, ஆனால் பிழைத்துக்கொண்டது.

"தப்பு என்னோடதுதாண்ணே. நான்தான் மாத்தி எழுதினேன்" என்றேன்.

"நீ ஓடிப்போய் கேட்டதாலதானேம்மா என் வேல தப்பிச்சுது" என்று சொல்லிவிட்டு அவர் லேத்துக்குப் போனார்.