வாளியின் அடியில் குளிர்

தூத்துக்குடியில் பிறந்த எனக்குக் குளிக்கத் தண்ணீர் காய வைத்துப் பழக்கமில்லை. அங்கே குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான். ஓசூர் மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டுக்கு வந்த முதல் மார்கழியில்தான் ஹீட்டர் ராடு வாங்கினோம். ஷாக் அடிக்குமோ என்ற பயத்தில் அதை வாளிக்குள் ஆழமாக இறக்காமல் மேலாகத் தொங்கவிட்டேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு விரல் வைத்துப் பார்த்தேன். நல்ல சூடு.

என் வீட்டுக்காரருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. லீவில் வந்திருந்தார். இரண்டு செம்பு ஊற்றும்வரை குளியலறையில் பாட்டு. மூன்றாவதில் ஒரே அலறல்.

“ஏட்டி, அடியில ஐஸால்ல கெடக்கு! ராட கீழ வரைக்கும் எறக்கணும். சூட்டுத் தண்ணி லேசு, மேலயே நிக்கும். குளுந்த தண்ணி கனம், அடியிலயே கெடக்கும்.”

தலை துவட்டிக்கொண்டே, கடலும் இப்படித்தான் என்றார். வெகுதூரம் வடக்கே கடல் உறைகிற இடத்தில், பனிக்கட்டி உப்பை வெளியே தள்ளிவிடுமாம். குளிர்ந்து உப்பும் கூடிய மிச்சத் தண்ணீர் கனத்துப்போய் அடியாழத்துக்கு அமுங்குமாம். பிறகு கடலடித் தரையோடு தரையாக நம் பக்கம்வரை ஊர்ந்து, எங்கோ மெல்ல மேலேறி, மேலாகவே திரும்ப வடக்கே போகுமாம். உப்புத் தண்ணீரின் கனம் எனக்குத் தெரியும், உப்பளத்துப் பக்கம் வளர்ந்தவள். மற்றதுதான் மலைப்பாக இருந்தது.

“அங்க அமுங்குனது இங்க வர எவ்வளவு நாளாவும்?”

“நாளா? நூத்துக்கணக்குல வருசம் ஆவும்.”

“நீங்க அதுக்கு முந்தி வந்துருவியள்லா?”

சிரித்தார். “அடுத்த மார்கழிக்கு இதே வாளியில குளிப்பேன், பாரு.”

போய்விட்டார். ஏதாவது துறைமுகத்திலிருந்து போன் வந்தால், “இங்க பயங்கரக் குளிரு” என்பார். அங்கேதான் தண்ணீர் அமுங்குகிறதோ என்று நினைத்துக்கொள்வேன். நான் கம்பெனி ஷிப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் வீட்டு ஓனரம்மா பிடித்துக்கொள்வார்.

“ஊட்டுக்காரரு எப்ப வராரு? கெணத்துத் தண்ணிய வெள்ளமா கொண்டு போவும்? வந்துருவாரும்மா.”

கடலில் இருக்கிற ஆளுக்குக் கிணற்றுப் பழமொழி! எரிச்சலாக வரும். ஆனால் ஓனரம்மா கேட்காத நாளில் மனசு வெறிச்சென்றிருக்கும்.

அடுத்த மார்கழியும் வந்தது. கப்பல் பம்பாய்க்கு வருகிறது, இறங்கிச் சாயங்காலமே பஸ் பிடித்து மறுநாள் காலையில் ஓசூர் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். லீவு போட்டேன். விடிந்ததும் வாளியை நிரப்பினேன். வேண்டுமென்றே ராடை மேலாகத் தொங்கவிட்டேன். அலறட்டுமே!

ஆவி பறக்கும்போது போன் அடித்தது.

“பம்பாய் வரைக்கும் வந்துட்டேம்ட்டி. ராத்திரி முழுக்கப் பாத்தும் எனக்கு மாத்து ஆளு வரல, எறங்க விடமாட்டேங்காவ. கப்பல் கெளம்புது. இந்தத் தடவ போயிட்டு வந்துருதேன்.”

“சரி” என்றேன்.

பிளக்கைப் பிடுங்கினேன். அந்தத் தண்ணீரில் நான் குளிக்கவில்லை. சாயங்காலம் கைவிட்டுப் பார்த்தால் மேலும் அடியும் ஒரே குளிர். நூற்றுக்கணக்கான வருஷம் கழித்தாவது வடக்கத்தித் தண்ணீர் நம் கரைக்கு வருமாம். வரட்டும். எனக்குத் தண்ணீர் எதற்கு? மூன்றாவது செம்பில் அந்த மனுஷன் அலற வேண்டும். கதவுக்கு வெளியே நின்று நான் அதைக் கேட்க வேண்டும்.