வலக்கைக் காப்பு

சுன்னாகத்தில் மிளகாய் அரைக்கிற மில் ஒன்றில் எனக்கு வேலை. வீட்டில் வறுத்த மிளகாயைச் சனம் கொண்டுவரும். அரைத்துக் கொடுப்போம். ஒருவர் தூள் மற்றவர் தூளோடு கலக்கக்கூடாது. அதனால் மெஷின் ஓட ஓடவே கடைசித் தூளையும் தட்டி எடுப்போம். நிற்பாட்டித் தட்டினால் கொட்டாது.

பெல்ட்டுக்கு மூடி இருந்தது. பெல்ட் அடிக்கடி கழலும், ஒவ்வொரு தரமும் திறக்கவேண்டும் என்பதால் மூடி மூலையில் கிடந்தது.

மனைவி கேதாரகௌரி விரதம் பிடிக்கிறவள். விரத முடிவில் கோயிலில் எனக்கும் காப்பு நூல் கட்டுவிப்பாள். ஆண்களுக்கு வலக்கை மணிக்கட்டில். அடுத்த விரதம் வரை நாங்கள் அவிழ்ப்பதில்லை. திரித்த நூல், லேசில் அறாது.

அன்று தட்டிக்கொண்டு நிற்க, நூலின் தொங்கல் பெல்ட் ஓடுகிற சில்லில் சுற்றியது. அதன் பின்னால் கையும் போனது. இரண்டு விரல்கள் பெல்ட்டுக்குள் போய்விட்டன. கத்தினேனா தெரியாது. காயத்தில் மிளகாய்த்தூள் எரிந்தது நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு முதலாளி வந்தார்.

“நூலைக் கழட்டு, கழட்டு எண்டு எத்தினை தரம் சொன்னனான்? அதுதானே இழுத்தது.”

மனைவி கட்டிலின் மறுபக்கம் நின்றாள். “அந்த நூல் இருந்தபடியால்தான் ரெண்டு விரலோடை போச்சு. இல்லாட்டி முழுக் கையும் போயிருக்கும்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நூலை ஆஸ்பத்திரியிலேயே வெட்டிவிட்டார்கள். காயம் ஆறியதும் மில்லுக்குப் போனேன். வேறு வேலை தெரியாது. பெல்ட்டின் மேல் மூடியைப் பூட்டியிருந்தார்கள்.

“இனி கையிலை நூலோடை வந்தால் வேலை இல்லை,” என்றார் முதலாளி. “வீட்டிலையும் சொல்லிப்போடு.”

சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கறிக்கு உப்புப் போட்டாள்.

குருநகரில் மீன் விற்கிற அக்கா ஒருவர் அரைக்க வந்தார். என் கையைப் பார்த்தார்.

“தம்பி, என்ரை தூளுக்கை விரல் ஒண்டும் கிடவாதே?”

“கிடந்தால் திருப்பித் தாங்கோ அக்கா.”

சிரித்தார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

மறுபடி விரதம் வந்தது. ஒருநேரச் சாப்பாட்டோடு இருந்து அவள் மெலிந்து போனாள். அவளிடம் நூல் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வேலையையும் விட முடியாது.

கடைசி நாள் கோயிலில் ஐயர் நூலை எடுத்தார். வலக்கையை நீட்டினேன். மூன்று விரல்கள்.

“பொறுங்கோ ஐயா,” என்றாள் மனைவி. “ரெண்டு நூல் தாங்கோ.”

இரண்டையும் முடிந்து நீளமாக்கினாள். என் சால்வையை விலக்கி மேற்புயத்தைக் காட்டினாள்.

“மணிக்கட்டிலை எல்லோ கட்டுறது, பிள்ளை?”

“இவருக்கு இஞ்சைதான்.”

ஐயர் கட்டினார். தொங்கலை அவளே உள்ளே செருகினாள்.

அடுத்த நாள் மில் வாசலில் முதலாளி என் மணிக்கட்டைப் பார்த்தார். நூல் சட்டைக் கைக்குள் இருந்தது.

“சரி, போ,” என்றார்.

போனேன்.