சங்கு ஊதினால் மூட்டை இறங்கும்

நான் புதுச்சேரிக்குள் நுழைந்தது உச்சிவெயிலில். எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்டுகிறவர்கள் இருட்டில்தான் தாண்டுவார்கள் என்று காவல்காரர்கள் நினைத்திருந்தார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டு, கரும்பு வெட்டி, செங்கல் அறுத்து, லாரியில் கிளீனராகப் போய், எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்காமல் திரிந்துகொண்டிருந்தவன் நான். வேலை இருக்கிறது என்று யாராவது கை காட்டினால் அந்தப் பக்கம் நடப்பேன். அவ்வளவுதான்.

அது ஐம்பத்து நான்காம் வருஷத்துக் கோடை. ஊர் இன்னும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. சுற்றிலும் நம்முடைய பகுதி. நடுவில் முள்கம்பி, சுங்கச் சாவடி, பர்மிட். சில இடங்களில் வயல் இந்தப் பக்கமும் அதற்குத் தண்ணீர் பாயும் கிணறு அந்தப் பக்கமுமாகக் கிடந்தன. பர்மிட் வாங்க நான் யாரைப் போய்ப் பார்ப்பது? காவல்காரர்கள் சோற்றுக்கு உட்கார்ந்த நேரத்தில் ஒரு சவுக்குமிலார்க் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். ஒருவன் வாயில் சோற்றோடு என்னை நிமிர்ந்து பார்த்தான். விறகுக்காரன் என்று விட்டுவிட்டான். சாரம் என்ற பகுதிக்கு வந்ததும் விறகை ஒரு கிளப்புக்கடையில் போட்டுவிட்டு அதற்கு ஈடாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

தரைவழி அடைபட்டிருந்ததால் ஊருக்கு வேண்டிய சாமான் கப்பலில் வந்தது. பழைய கடற்பாலத்தைப் புயல் கொண்டுபோயிருந்தது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். வீராம்பட்டினத்துக்காரர்கள் சலங்கு என்ற பெரிய படகுகளில் போய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அலையைத் தாண்டி வருவார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று அந்த மூட்டைகளைத் தலையில் வாங்கிக் கரைக்குக் கொண்டுவருவது கூலிக்காரர்கள் வேலை.

கரையில் இரண்டு கூட்டம் இருந்தது. ஒன்று ஊர்க்காரர்கள். அதில் பலர் முன்பு துணி ஆலையில் வேலை பார்த்தவர்கள். இன்னொன்று ஒரு மேஸ்திரி சேர்த்து வைத்திருந்த கூட்டம், என்னைப் போல் பர்மிட் இல்லாமல் வந்தவர்கள். எங்களுக்குக் கூலி குறைவு. பொழுது சாயும் வரை வேலை. கேட்க முடியாது. கேட்டால் மேஸ்திரி சாவடிப் பக்கம் கையை நீட்டிக் காட்டுவார். அதோடு வாய் அடைத்துப் போகும். முதல் நாளே என்னை அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார். தலையில் சும்மாடு, அதன்மேல் அரிசி மூட்டை, காலடியில் நகரும் மணல். கஷ்டமான வேலைதான். ஆனால் செங்கல் சூளையை விடக் கடல் குளிர்ச்சி.

அன்று சாயங்காலமே திடீரென்று ஊருக்குள்ளிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. நான் அதுவரை ஆலைச் சங்கைக் கேட்டதில்லை. பிடிபட்டேன், சொல்தாக்கள் வருகிறார்கள், அதற்குத்தான் இப்படி ஊதுகிறார்கள் என்று நினைத்தேன். பிரெஞ்சுச் சிப்பாய்களைச் சொல்தா என்றுதான் அங்கே சொல்வார்கள். வந்த அன்றே அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டிருந்தேன். மூட்டையை அப்படியே மணலில் போட்டேன். கவிழ்த்து வைத்திருந்த ஒரு சலங்கைப் பார்த்து ஓடி அதன் அடியில் புகுந்துகொண்டேன்.

சிறிது நேரம் கழித்து ஒரு தலை குனிந்து உள்ளே பார்த்தது. மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. வலத் தோளில் பெரிய தழும்பு.

"என்னாடா, யாரு உள்ள?"

நான் இன்னும் உள்ளே நகர்ந்தேன்.

"வெளிய வாடா. உன்ன யாரும் கடிக்க மாட்டாங்க."

வந்தேன். அவர் ஊர்க்காரர் கூட்டத்தின் தலைவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பின்னால் அவருடைய ஆட்கள் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பி நின்றார்கள். அந்தச் சங்கு ஊதினால் அவர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள். ஆலையில் எட்டு மணி நேரத்துக்காகப் பெரிய போராட்டம் நடந்து, துப்பாக்கிச் சூடும் நடந்த ஊர் அது. அவர் தோளில் இருந்தது அந்தக் குண்டின் தழும்பு. ஆலையை விட்டுக் கடற்கரைக்கு வந்த பிறகும் அவர்கள் அந்த வழக்கத்தை விடவில்லை. கடற்கரைக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. அவர்களாகவே வைத்துக்கொண்டதுதான்.

தலைவர் தன் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களாடா? சங்கு ஊதுனதும் மூட்டைய மண்ணுல போட்டுட்டான். அந்தாண்டக்காரன்கூட நம்ம வழக்கத்துக்கு வந்துட்டான்."

அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். கிழிந்த மூட்டையைக் காட்டி என் தாயையும் இழுத்துத் திட்டி, இனி இந்தக் கரையில் கால் வைக்காதே என்றார். தலைவர் என் கையைப் பிடித்தார்.

"நீ வுட்டா என்னா? இவன் நாளையிலேர்ந்து எங்க ஆளு."

நான் எதையும் மறுக்கவில்லை. பயந்து போட்டேன் என்று சொல்ல அப்போது யாரும் கேட்கவும் இல்லை.

அப்படித்தான் ஊர்க்காரர் கூட்டத்தில் எனக்கு இடம் கிடைத்தது. எல்லாருக்கும் அது பிடித்ததென்று சொல்ல முடியாது. மூட்டை தூக்கும் வேலையில் ஒருவன் தனியாக எதுவும் செய்ய முடியாது. படகில் இருவர் நின்று மூட்டையின் நான்கு முனையையும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டித் தலையில் வைக்க வேண்டும். வைக்கிறவனுக்கு மனசில்லை என்றால் மூட்டை கழுத்தில் கோணலாக விழும். முதல் மாதம் எனக்குப் பெரும்பாலும் கோணலாகத்தான் விழுந்தது. "இவனுங்க வந்துதான் கூலி கொறஞ்சிது" என்று என் காதுபடப் பேசினார்கள். அது பொய்யும் இல்லை. மேஸ்திரியின் கூட்டம் வந்த பிறகு ஊர்க்காரர்களுக்கு வேலை பாதியாகிவிட்டதை நானே பார்த்தேன். தலைவரின் மனைவி கரையில் கூழ் விற்பாள். மேஸ்திரி தன் ஆட்களுக்குத் தானே கஞ்சி ஊற்றிவிடுவதால் அவளிடம் வாங்க ஆளில்லை. பானை அரைவாசி அப்படியே வீட்டுக்குப் போகும். சாரத்தில் குடிசை வாடகை ஏறியது. குழாயடியில் குடங்கள் மோதிக்கொண்டன.

ஐப்பசியில் ஒரு நாள் கொடி மாறியது. முள்கம்பியைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள். நான் தாண்டி வந்த வரப்பில் இப்போது ஆடு மேய்ந்தது. நேற்று வரை திருட்டுத்தனமாக வந்தவன், இன்று யாரையும் போல் ஒருவன். பஸ் ஏறியே வரலாம் என்றானதும் ஜனம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியது. பர்மிட் இல்லாதவன் என்று மிரட்ட இனி வழியில்லை என்பதால் மேஸ்திரி கூலியை ஏற்றுவார் என்று நினைத்தேன். ஏற்றவில்லை. இவன் போனால் பஸ்ஸில் இன்னொருவன் வருவான் என்று அவருக்குத் தெரியும்.

மழைக்காலம் முடிந்து, பொங்கலும் கழிந்து, கடல் அடங்கியதும் ஒரு பெரிய கப்பல் வந்து நின்றது. உர மூட்டை. எல்லாக் கையும் வேண்டும் என்று மேஸ்திரி இரண்டு கூட்டத்தையும் சேர்த்து வைத்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். நாளையிலிருந்து பொழுது சாயும் வரை நிற்கிறவன் மட்டும் நிற்கலாம். சங்கு ஊதினதும் போகிறவன் இந்தக் கப்பலுக்கு மட்டுமல்ல, எந்தக் கப்பலுக்கும் வர வேண்டாம். அதோடு படகில் நின்று தூக்கிவிட என்னையும், புதிதாக வந்திருந்த என் மாமன் மகனையும் போட்டார். நானும் மச்சானும் ஒரே உயரம். நான் ஊர்க்காரர் கூட்டத்தில், மச்சான் அவர் கூட்டத்தில்; இரண்டு கூட்டமும் எங்கள் பேச்சைக் கேட்கும் என்பது அவர் கணக்கு.

அன்று சாயங்காலம் தலைவர் சாரத்தில் என் குடிசைக்கு வந்தார். வாசலில் உட்காரவும் இல்லை.

"நாளைக்கி சங்கு ஊதறப்ப என்னா பண்ணுவ?"

"தெரியல, அண்ணே."

"நாளைக்கி அந்தச் சங்கு வழக்கம் போச்சின்னா அப்புறம் கெடையாது. எங்காளுங்க வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். இல்லன்னா உங்காளுங்க மாதிரி விடிஞ்சதுலேர்ந்து இருட்டற வரைக்கும் மாடு மாதிரி நிக்கணும். ரெண்டுல ஒண்ணு."

"மச்சானும் மத்தவுங்களும் பொண்டாட்டி புள்ளைய வுட்டுட்டு வந்துருக்காங்க. அவுங்கள நான் எப்பிடிப் போன்னு சொல்றது?"

"போவச் சொல்லலடா. நிறுத்தச் சொல்லு."

அவர் போன பிறகு மச்சானிடம் பேச்செடுத்தேன். கழுத்தில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவன் சிரித்தான்.

"உங்க ஊரு ஆளுங்களுக்கு ஒடம்பு வணங்கல. நாம என்னா, நாத்து நட்டா பொழுது பாத்தா கரையேறுவோம்?"

"உங்க ஊருன்ற. நான் என்னா இங்கயா பொறந்தேன்?"

"சங்கு சங்குன்னு நீதான சொல்ற."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவனிடம் போராட்டம், உரிமை என்று பேசி ஆகாது. அந்தச் சொற்கள் எனக்கும் சரியாக வராது. கப்பலை நினைத்துப் பார்த்தேன்.

"சரி மச்சான். நமக்கு நாள்கூலிதான?"

"ஆமா."

"கப்பல்ல இருக்கற மூட்ட வளருமா?"

"என்னா பேச்சு இது?"

"வளராது இல்ல? இருட்டற வரைக்கும் நின்னு சீக்கிரமாத் தூக்கிட்டா கப்பலு சீக்கிரமாப் போயிடும். அப்புறம் மறுநாளு என்னத்தத் தூக்குவ? கடலையா?"

அவன் கை கழுத்திலேயே நின்றது. "நாத்து அப்பிடி இல்லியே" என்றான்.

"நாத்துக்குப் பருவம் போயிடும். மூட்டைக்கு என்னா போவுது?"

அவன் பாயை உதறிப் போட்டான். சம்மதித்தானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கரையில் அவ்வளவு கூட்டத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஊர்க்காரன், வெளியூர்க்காரன் என்று மாறி மாறி வந்து எங்கள் படகுக்கு முன்னால் கழுத்தைக் குனிந்தார்கள். மச்சானும் நானும் ஆட்டி ஆட்டி வைத்தோம். எங்கள் இடுப்பு மரத்துப் போயிருந்தது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் மூட்டை வாங்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சங்கு ஊதியது.

அந்த நேரத்தில் தண்ணீரில் எங்களுக்கு முன்னால் குனிந்து நின்றவன் வெளியூர்க்காரன். மூட்டை எங்கள் நான்கு கையில், பாதி ஆட்டில் இருந்தது. நான் என் பக்கத்தைத் தாழ்த்தினேன்.

"வுடாதடா! தண்ணில வுழுந்துடும்!" என்று மச்சான் கத்தினான்.

"படகுலயே வைப்போம்."

அவன் தன் பக்கத்தை விடவில்லை. கரையில் மேஸ்திரி கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. உப்புத் தண்ணீரில் உரம் விழுந்தால் கரைந்து போகும். ஒருவன் தனியாகத் தூக்கிக்கொள்ளவும் முடியாது. மச்சான் கரையைப் பார்த்தான், கப்பலைப் பார்த்தான், தன் கையில் தொங்கிய மூட்டையைப் பார்த்தான். பிறகு மெதுவாக அதைப் படகிலேயே இறக்கினான்.

குனிந்திருந்தவன் இன்னும் குனிந்தே இருந்தான். "எங்கடா மூட்ட?" என்றான் நிமிராமலே.

"நாளைக்கி வா. கப்பலு எங்கயும் ஓடிடாது," என்றான் மச்சான்.

முதலில் சிரித்தது படகோட்டிகள்தான். அவர்களில் மூத்தவர் துடுப்பைப் படகுக்குள் இழுத்துப் போட்டார். "சரிதான், எங்களுக்கும் சோறு ஆறிப்போவுது. இழுங்கடா கரைக்கி." மற்றச் சலங்குகளில் தூக்கிவிட்டவர்கள் எங்களைப் பார்த்து நிறுத்தினார்கள். தூக்கிவிட ஆளில்லாத கூட்டம் தண்ணீரிலிருந்து கரையேறி மணலில் உட்கார்ந்தது. மேஸ்திரி ஒவ்வொருவர் முன்னாலும் நின்று கத்தினார். என்னிடம் வந்து, "உன்ன அன்னிக்கே புடிச்சிக் குடுத்திருக்கணும்டா" என்றார். இப்போது பிடித்துக் கொடுக்க யாரும் இல்லை என்பது சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கப்பல் ஏஜெண்டைப் பார்க்கப் போனார்.

ஏஜெண்டுக்கு வேண்டியது சரக்கு இறங்குவது. யார் தலையில் இறங்குகிறது என்பதில்லை. சங்கு நேரத்துக்கு அவர் தலையாட்டிவிட்டார். மறுநாள் காலை ஆட்களை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லாரும் காலைச் சங்குக்கு வந்து சாயங்காலச் சங்குக்குப் போவது. ஒரு பாதி தண்ணீரில் நின்று மூட்டை வாங்கும். மற்றப் பாதி கரையில் மூட்டை அடுக்கி, வண்டி ஏற்றும். மறுநாள் மாற்றிக்கொள்ள வேண்டும். ஊர்க்காரன் ஒருவனுக்கு வெளியூர்க்காரன் ஒருவன் என்று தலைவர்தான் ஆட்களைப் பிரித்தார். கூலியும் ஒன்றாயிற்று. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சிலர் இடம் கிடைக்காமல் ஊருக்கே திரும்பினார்கள். குழாயடிச் சண்டை நான் அந்த ஊரில் இருந்த வரை ஓயவில்லை. ஆனால் என் கழுத்தில் மூட்டை நேராக விழத் தொடங்கியது. மச்சான் அடுத்த மாசியில் பெண்டாட்டி பிள்ளையை அழைத்து வந்துவிட்டான். புதுப் பாலத்துக்குக் கம்பம் இறக்கத் தொடங்கிய பிறகு நான் அந்த வேலைக்குப் போனேன். அந்த ஊரில் நான் தங்கியது ஏழெட்டு மழைக்காலம். என் வாழ்க்கையில் அது பெரிய அதிசயம்.

அந்தச் சாயங்காலத்தில் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மேஸ்திரி போன பிறகு தலைவரின் மனைவி கூழ்ப் பானையை எங்கள் நடுவில் கொண்டுவந்து வைத்தாள். வெளியூர்க்காரர்களுக்கும் ஊற்றினாள். பானை காலியாகி, ஒட்டியிருந்ததையும் மச்சான் வழித்துக்கொண்டிருந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணே, அந்த மொத நாளு..."

"எந்த மொத நாளு?"

"நான் மூட்டையப் போட்டது..."

தலைவர் கூழைக் குடித்து முடித்து, இல்லாத இரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

"எட்டு மணி நேரம் கேட்டு மூட்டையப் போடறவன் படகுக்கு அடியில பூந்துக்குவானாடா? நடுங்கிக்கினு கெடந்தியே, கண்ணு தெரியாதா எனக்கு?"

"அப்புறம் ஏன் சேத்துக்கினீங்க?"

"அந்தாண்டக்காரன் ஒருத்தன் சங்குக்கு மூட்டையப் போட்டான்னு எங்காளுங்க பாக்கணும்னு இருந்துச்சி. நீ எதுக்குப் போட்டா எனக்கென்னா?"

மச்சானிடமிருந்து அவர் பானையை வாங்கி மனைவியிடம் நீட்டினார்.

"நாளைக்கி ரெண்டு பானையாக் கொண்டாந்துடுடி" என்றார்.